கனவு பிஸ்டல்: கைக்கும் ஒக்கணும், நம்ம உப்புக்காத்துக்கும் நிக்கணும்

பத்துமீட்டர் (நாகர்கோவில்):
பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் (காத்தழுத்தத்தில் குண்டு போற போட்டித் துப்பாக்கி) சுடுறவங்ககிட்ட கனவு பிஸ்டல் எதுன்னு கேட்டா முக்காவாசிப் பேர் ஒரு கம்பெனி பேரைச் சொல்லி நிறுத்திடுறாங்க. ஸ்டெய்ர், மொரினி, வால்தர், பார்தினி, ஃபைன்வெர்க்பாவ் எல்லாமே உலகப் போட்டிகளில் புழங்குற பேர்தான். கை படாம வைஸில் (இறுக்கிப் பிடிக்கிற இரும்புப் பிடியில்) பூட்டிச் சுட்டா எதுவானாலும் பத்து மீட்டரில் ஏறக்குறைய ஒரே ஓட்டையாத்தான் விழும். பிழை வர்றது கையிலேர்ந்து. அதனால இங்க பேரை ஓரமா வெச்சுட்டு உறுப்பு உறுப்பா பேசுவோம்: கிரிப் (கைப்பிடி), ட்ரிகர் (விசை), சைட் (குறிபார்க்கிற உறுப்பு), எடை, காத்து சிலிண்டர். ஏன் அப்படி வேணும்னு காரணத்தோட எழுதுங்க. வாங்கல் விற்றல் இந்த இழையில் வேண்டாம்.

பத்து மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு உலகப் போட்டி விதி வெச்சிருக்கிற எல்லை இது: மொத்த எடை 1500 கிராமுக்கு மேல போகக்கூடாது. ட்ரிகரை இழுக்கத் தேவையான பளு 500 கிராமுக்குக் கீழ இறங்கக்கூடாது. பிஸ்டல் முழுசும் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள்ள அடங்கணும். நான் கேக்குறது எல்லாம் இதுக்குள்ளதான்.

எடை 950 கிராம் பக்கம் இருக்கணும். விதி 1500 வரைக்கும் விடுதேன்னு ஏத்தினா முதல் இருபது குண்டுக்கு அழகா நிக்கும், நாப்பதுக்கு மேல தோள் இறங்கும். போட்டியில் 75 நிமிஷத்தில் 60 குண்டு, அதுக்கு முன்னால 15 நிமிஷத் தயாரிப்பு; பாதியில் இறக்கினதையும் சேர்த்தா கை நூறு தடவையாவது ஏறி இறங்கும். குழலுக்கு அடியில பத்துப் பத்து கிராமா எடைக்கட்டி மாட்டுற வசதி வேணும். முன்பாரம் கூடினா ஆட்டம் மெதுவாகும், களைப்பு சீக்கிரம் வரும். எவ்வளவுன்றதை அவங்கவங்க தோள்தான் சொல்லணும்.

அடுத்தது, காத்து செலவாகாம ட்ரிகரை மட்டும் ஏத்தி அழுத்துற வசதி. வீட்டுப் பயிற்சி முழுக்க அதுலதான் நடக்கும். மூணாவது, கிரிப்பை மேல கீழ, வலது இடது ரெண்டு பக்கமும் சாய்க்கிற திருகு. இந்த மூணும் இருந்தா மத்தது எனக்கு ரெண்டாம் பட்சம்.

உப்புக்காத்து (குளச்சல்):
நல்லாச் சொன்னிய அண்ணாச்சி. ஆனா கடலோரத்தில் இருக்கியவங்களுக்குத் துருதான் முதல் கேள்வி பாத்துக்கிடுங்க. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்குன்னு ரெண்டு மழையும் நமக்கு உண்டு. நடுவுல இருக்கிய மாசங்களிலயும் காத்துல உப்பு கெடக்கு. மலைநாட்டு ஐரோப்பாவில் செய்த பிஸ்டலுக்கு இந்தக் காத்து பழக்கமே கெடையாது.

துரு முதல்ல பிடிக்கிய இடம் குழலுக்கு வெளிய இல்ல. கிரிப்புக்கு உள்ள மறைஞ்சிருக்கிய சட்டம், ட்ரிகர் கத்தியோட (விரல் படுற தகட்டோட) திருகு, பின் சைட்டோட ஸ்பிரிங், இந்த மூணும் தான். உள்ளங்கை வியர்வை மரத்துல ஊறி அதுக்குள்ள இறங்கும். மாசம் ஒருமுறை கிரிப்பைக் கழட்டி உலர்ந்த துணியால துடைச்சு, மெல்லிசா துப்பாக்கி எண்ணெய் தொட்ட துணியால ஒரு தடவு தடவணும். சொட்டு நிக்கப்பிடாது. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாள் போனா பிசினாகி ட்ரிகரை ஒட்ட வெச்சிரும்.

பெட்டியில இருக்கிய ஸ்பாஞ்சு பாக்க அழகு, ஆனா ஈரத்தை இழுத்துப் பிடிச்சு இரும்போட ஒட்ட வெச்சிருக்கும். பிஸ்டல் கொண்டு போகத்தான் அந்தப் பெட்டி. வீட்டுல வந்தா எடுத்து, காத்துப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோட பூட்டி வைக்கணும். நீல மணி வெளிறி இளஞ்சிவப்பானா தண்ணி குடிச்சு முடிச்சாச்சுன்னு அர்த்தம். சமையல் பாத்திரத்துல வறுக்காண்டாம், நீல நிறத்துக்குப் போட்டிருக்கிய கோபால்ட் நல்லதில்ல. அதுக்குன்னு ஒரு தட்டு தனியா வெச்சுச் சூடாக்கணும்.

குண்டுக்கும் இதே கததான். ஈயக்குண்டு டப்பாவைத் திறந்து போட்டா வெள்ளைப் பொடி பூக்கும். அந்தக் குண்டு குழலைக் கெடுக்கும், பறக்கும்போதும் ஒரே மாதிரி பறக்காது. தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாம சோத்துல வைக்கக்கூடாது.

என் கனவுல குழலைத் தவிர இரும்பே தெரியக்கூடாது. சட்டம் அனோடைஸ் செய்த அலுமினியம், திருகெல்லாம் ஸ்டெயின்லெஸ். அது போதும்.

கணக்குப்புலி (மார்த்தாண்டம்):
சைட்டைப் பத்தி நான் எழுதுறேன், ஏன்னா கனவு பிஸ்டல் பட்டியலில் இது எப்பவும் கடைசியா வருது, முதல்ல வரவேண்டியது.

முன் சைட்டுக்கும் (குழல் முனையில் நிக்கிற கட்டை) பின் சைட்டுக்கும் (கண் பக்கம் இருக்கிற பள்ளம் வெட்டின தகடு) நடுவுல 330 மி.மீ. தூரம்னு வெச்சுக்கோங்க. பின் சைட்டின் பள்ளத்துக்குள்ள முன் சைட் 1 மி.மீ. ஒருபக்கம் ஒதுங்கினா, பத்து மீட்டரில் குண்டு எவ்வளவு விலகும்? 10,000-ஐ 330-ஆல வகுங்க: 30 மி.மீ. இலக்கு நடுவுல இருக்கிற பத்தாம் வளையத்தோட விட்டம் 11.5 மி.மீ., அதுக்கு வெளிய ஒவ்வொரு வளையத்துக்கும் விட்டம் 16 கூடும். குண்டு 4.5 மி.மீ.; கோட்டைத் தொட்டா உள் வளையம் கிடைக்கும். அந்தச் சலுகையையும் சேர்த்துப் பார்த்தா 30 மி.மீ. விலகின குண்டுக்கு 7 புள்ளி.

இப்ப இன்னொரு பிழை. சைட் ரெண்டும் ஒழுங்கா இருக்கு, கை மொத்தமும் 5 மி.மீ. பக்கத்தில் நகர்ந்துடுச்சு. குண்டும் 5 மி.மீ. தான் நகரும். அது இன்னும் 10. மையத்திலேர்ந்து 8 மி.மீ. வரைக்கும் 10 கிடைக்கும், கணக்குப் போட்டுப் பாருங்க.

ஆக, கை ஆடுறதைப் பார்த்துப் பயந்து ட்ரிகரைப் பிடுங்குறவர் பத்தை இழக்கிறது ஆட்டத்தால இல்ல, பிடுங்கும்போது மணிக்கட்டு ஒடிஞ்சு சைட் விலகுறதால. கால் மில்லிமீட்டர் விலகல் 7.6 மி.மீ. ஆகும், பத்து மயிரிழையில் நிக்கும்.

இதுலேர்ந்து என் கனவு: பின் சைட்டின் பள்ளம் அகலம் வெளியிலேர்ந்தே கூட்டிக் குறைக்கிற மாதிரி இருக்கணும், ஆழமும் அப்படியே. முன் சைட் 4 முதல் 5 மி.மீ. வரைக்கும் மாத்தக்கூடியதா இருக்கணும். ரெண்டு பக்கமும் தெரியிற வெளிச்சக் கோடு சமமா இருக்கான்னு கண் தானா கண்டுபிடிக்கும், ஆனா அது ரொம்பக் குறுகினா கண் திணறும், ரொம்ப அகலமானா ஒதுங்கினது தெரியாது. உள்ளரங்கில் விளக்கு மங்கலா இருந்தா பள்ளத்தை ஒரு திருகு அகலமாக்கணும். குட்டைக் குழல் மாடலில் சைட் தூரம் 280 ஆச்சுன்னா அதே 1 மி.மீ. 36 ஆகும், ஆட்டம் கம்மியா தெரியும், பிழை கூடுதலா இருக்கும்.

நாப்பது தாண்டினவங்களுக்கு ஒரு வார்த்தை. கூர்மையா தெரியவேண்டியது முன் சைட், இலக்கு மங்கலா இருக்கட்டும். தூரப் பார்வைக் கண்ணாடியோட 0.50 அல்லது 0.75 பிளஸ் கூட்டிப் பார்க்கச் சொல்லி கண் மருத்துவர்ட்ட கேளுங்க. மூடாத இன்னொரு கண்ணுக்கு முன்னால மறைப்பு வைக்கலாம், 30 மி.மீ. அகலத்துக்குள்ள.

புதுவரவு (கருங்கல்):
வணக்கம். ரெண்டு கேள்வி. ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேணுமா? ட்ரிகர் மின்சாரம் நல்லதா, மெக்கானிக்கலா?

பத்துமீட்டர் (நாகர்கோவில்):
வாங்க மக்களே. முதல் கேள்விக்கு: 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குள்ள சக்தியும் இருந்தா லைசென்ஸ் வேண்டாம். போட்டிப் பிஸ்டல் 0.53 கிராம் குண்டை வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் அனுப்பும். கணக்குப் போட்டா 6 ஜூல் பக்கம்தான். விற்கிறவர் அடையாளச் சான்று வாங்குவார், பில்லும் நகலும் பெட்டியிலயே கெடக்கட்டும். லைசென்ஸ் வேண்டாம்னா விளையாட்டுப் பொருள்னு அர்த்தம் இல்ல. பூட்டுன பெட்டியில கொண்டுபோகணும், பஸ்ஸில் திறந்து காட்டக்கூடாது. குழலுக்குள்ள சேஃப்டி ஃபிளாக் (குண்டு ஏறலன்னு வெளிய காட்டுற நிறக் கம்பி) போட்டே வைக்கணும். குழல் .22 அங்குலமோ அதுக்கு மேலயோ போனா லைசென்ஸ் கட்டாயம்.

ரெண்டாவது கேள்விக்குத் திருகுச்சாவியார் வரட்டும்.

திருகுச்சாவி (திங்கள்சந்தை):
மின்சார ட்ரிகர் கையில் சுத்தமா உடையும் (அதாவது சட்டுன்னு விட்டுச் சுடும்), கண்ணாடி ஒடிஞ்ச மாதிரி. ஒவ்வொரு தடவையும் ஒரே எடை. அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. நம்ம ஊரில் பேட்டரி தொடுற தகடும் சர்க்யூட் இணைப்பும்தான் பிரச்சனை. உப்பு ஈரத்தில் பச்சை பிடிச்சா கோளாறு விட்டு விட்டு வரும், கண்டுபிடிக்கிறதே கஷ்டம். எதுவானாலும் போட்டி நடுவுல பழுதானா என்ன ஆகும்னு 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பார்த்தோம். மனு பாக்கர் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி நிமிஷக் கணக்கில் நேரத்தை இழந்தார். 575 எடுத்து 12-ஆம் இடம். இறுதிச் சுற்று ரெண்டு புள்ளியில் போச்சு. அதே வீராங்கனை 2024 பாரிஸில் ரெண்டு வெண்கலத்தோட வந்தார். அதனால எந்த ட்ரிகரா இருந்தாலும் மாற்றுப் பாகம் பையில இருக்கணும். மின்சாரம் வேணும்னா பேட்டரியை மாசக் கணக்கில் உள்ளயே விடாம கழட்டி வைங்க, தொடுற தகட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைங்க.

என் கனவு மெக்கானிக்கல்தான், ரெண்டு கட்டம் (முதல்ல கொஞ்சம் இழுத்ததும் ஒரு இடத்தில் நிக்கும், இன்னும் அழுத்தினா சுடும்). மொத்தம் 520 கிராம்: முதல் கட்டத்தில் 390, ரெண்டாம் கட்டத்தில் 130. சரியா 500-ல் நிறுத்தாதீங்க. சோதனையில் குழலைச் செங்குத்தா நிறுத்தி, பிஸ்டலை ஏத்தி, 500 கிராம் எடையை ட்ரிகரில் தொங்கவிட்டுத் தூக்குவாங்க. சுடாம தாங்கணும். காத்து செலுத்தி, நிஜமா சுடுற நிலையில்தான் அளப்பாங்க. எண்ணெய் இளகினாலோ தூசி புகுந்தாலோ பத்து கிராம் அங்கிட்டும் இங்கிட்டும் போகும்.

அடுத்து, புதுசா வாங்கினவங்க ட்ரிகரோட மூணு திருகையும் ஒரே நாளில் திருகிடுறாங்க. எது எதைச் செஞ்சதுன்னு பிறகு தெரியாது. ஒண்ணைக் கால் சுத்துத் திருகி, எழுதி வெச்சு, 20 தடவை குண்டில்லாம அழுத்திப் பார்த்துட்டு அடுத்ததுக்குப் போகணும். ரெண்டாம் கட்டத்தை ரொம்ப மெலிசாக்கினா முதல் கட்டத்திலயே வெடிக்கும், அது ஆபத்து. உடைஞ்ச பிறகு ட்ரிகர் ஓடுறதை நிறுத்துற திருகை ரொம்ப இறுக்கினா சில நாள் உடையவே உடையாது. கை இன்னும் அழுத்தும், சைட் விலகும்.

ட்ரிகர் கத்தியின் இடம் எடையை விட முக்கியம். விரலோட முதல் கணுவின் சதைப்பகுதி நடுவுல உக்காரணும், விரல் நேரா பின்னால வரணும். விரலின் அடி மரத்தைத் தொடக்கூடாது. ஒரு பென்சில் நுழையிற இடைவெளி விடுங்க. தொட்டா விரல் நகரும்போது பிஸ்டலையும் சேர்த்து இழுக்கும். வலது கைக்காரர் குண்டு இடது கீழ்ப்பக்கமா கூடினா முதல்ல இதைப் பாருங்க, பிறகு சைட்டைத் திருகலாம்.

பழையஇரும்பு (கொட்டாரம்):
ஏர் பிஸ்டல் மட்டும்தானா? எனக்குக் கனவுன்னா பெரிய பிஸ்டல்தான், அதன் வேலைப்பாட்டுக்காக. 1949-ல் சுவிஸ் ராணுவத்துக்கு வந்த சிக் பி210 எடுத்துக்குங்க. அதுல ஸ்லைடு (சுடும்போது மேல முன்னும் பின்னும் ஓடுற இரும்பு உறை) சட்டத்துக்கு வெளிய உக்காராம உள்ள தண்டவாளத்தில் ஓடும். பிடிமானம் நீளம், ஆட்டம் குறைவு. 1975-ன் செக் நாட்டு சிஇசட் 75-லயும் அதே அமைப்பு. ஸ்லைடு தாழ்வா இருக்கிறதால குழலும் கைக்குக் கிட்ட வரும், உதைப்பு நேரா பின்னால வரும், முனை குறைவா எழும்பும். 1982-ல் ஆஸ்திரியாவில் வந்த கிளாக் 17 துருவுக்கு நல்ல பதில் சொல்லிச்சு: பிளாஸ்டிக் சட்டம், ஸ்லைடுக்கு நைட்ரஜன் ஏத்தி இறுக வெச்ச மேற்பரப்பு.

நம்ம நாட்டு 9 மி.மீ. 1ஏ, ஈஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்யிறது, 1935-ன் பிரவுனிங் ஹை பவர் வழி வந்தது. பிடி கைக்கு அழகா உக்காரும், 13 குண்டு மேகசின். குறை ட்ரிகரில். மேகசின் இல்லாட்டா சுடாத மாதிரி ஒரு பாதுகாப்பு உறுப்பு இருக்கு. ட்ரிகர் நகரும்போது அது மேகசின் மேல உரசும், அழுத்தம் மணல் கலந்த மாதிரி வரும். பாதுகாப்புக்கு வெச்சது, அதைத் தொடக்கூடாது. மறு வடிவமைப்புக்கு ஆசைப்படலாம்.

பத்துமீட்டர் (நாகர்கோவில்):
ரசிக்க எல்லாம் சரி அண்ணாச்சி. ஆனா 9 மி.மீ. நம்ம நாட்டில் தடைசெய்த குழல் அளவு, பொதுமக்கள் லைசென்ஸில் வராது. கையில் எடுத்துச் சுடுற கனவுன்னா 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டிக்கு .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் தோட்டா, முகம் தட்டையான வாட்கட்டர் குண்டு. பிஸ்டல் பார்தினி எச்பி, வால்தர் ஜிஎஸ்பி மாதிரி. அந்தப் போட்டியில் 30 குண்டு நிதானமா, 30 வேகமா. வேகப் பகுதியில் இலக்கு 3 வினாடி தெரியும், 7 வினாடி மறையும். கை 45 பாகைக்குக் கீழ காத்திருந்து எழும்பணும். அங்க ட்ரிகர் 1000 கிராமுக்குக் குறையக்கூடாது, மொத்த எடை 1400-க்குள்ள. அதனால கனவே மாறிடும்: மேல எழும்பும்போது சைட் தானா கண் முன்னால வந்து நிக்கிற கிரிப் சாய்வு, உதைத்த பிறகு அதே இடத்துக்குத் திரும்புற முன்பாரம்.

உப்புக்காத்து (குளச்சல்):
காத்து சிலிண்டரைப் பத்தி யாரும் எழுதல. போட்டிப் பிஸ்டலுக்கு 200 பார் அழுத்தம். கைப்பம்பில் அடிச்சா நம்ம ஊர் ஈரமும் சேர்ந்தே உள்ள போகும். பம்பு சூடாகும், காத்து சிலிண்டரில் ஆறும், தண்ணி கீழ நிக்கும். உள்சுவரில் துருவோ, ரெகுலேட்டரில் (ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அழுத்தம் விடுற கருவியில்) பிசகோ அதுலேர்ந்துதான். பம்பில் ஈரம் பிடிக்கிய வடிகட்டி இருக்கணும், நடுநடுவுல நிறுத்தி ஆறவிட்டு ஈரத்தைத் திறந்துவிடணும். முடிஞ்சா முங்குநீச்சல்காரங்க நிரப்புற உலர்காத்து சிலிண்டர்லேர்ந்து நிரப்பணும். வேகமா நிரப்பப்பிடாது, சூடு ஏறி மானி பொய்யா காட்டும்.

ஓ-ரிங்குக்கு (காத்து கசியாம அடைக்கிய ரப்பர் வளையத்துக்கு) சிலிகான் கிரீஸ் மட்டும், அதுவும் மெலிசா. பெட்ரோலிய எண்ணெய் உயர் அழுத்தக் காத்தோட சேர்ந்தா தானா தீப்பிடிக்கலாம். இதுல விளையாட்டுக்கே இடம் கெடையாது. சிலிண்டர்ல அடிச்சிருக்கிய தேதியைப் பாருங்க: பத்து வருஷம் தாண்டினா மாத்தணும். குண்டு எல்லாம் கொஞ்சங்கொஞ்சமா கீழ இறங்குதுன்னா சைட்டைத் தொடுறதுக்கு முன்னால மானியைப் பாருங்க. அழுத்தம் ரெகுலேட்டர் அளவுக்குக் கீழ போனா வேகம் குறையும்.

ஈட்டித்தடி (தக்கலை):
எல்லாரும் எழுதினதைப் படிச்சேன். கிரிப்புக்கு ஆரம்பத்தில் ஒரு வரி, அதோட சரி. பிஸ்டல் கையோட சேர்ற இடம் அதாக்கும்.

கிரிப் சரியான்னு பாக்கிறது இப்படி. இலக்கைப் பார்த்து நிண்ணு, கையை ஏத்தி, கண்ணை மூடி, ரெண்டு மூச்சு விட்டுட்டுத் திறங்க. முன் சைட் பள்ளத்து நடுவுல நிக்கணும். ஒரே பக்கமா பத்து தடவையும் ஒதுங்கினா கை சொல்லுது, கேக்கணும். முதல்ல சாய்வுத் திருகு. அது போதாதுன்னாத்தான் மரம். மணிக்கட்டை முறுக்கிச் சரிசெய்தா பயிற்சியில் நிக்கும், போட்டியில் பதட்டம் வந்த உடனே பழைய இடத்துக்குப் போயிடும்.

பெரிய கைன்னு எக்ஸ்எல் வாங்காண்டாம். கொஞ்சம் பெரிசா வாங்கி அரம் போடலாம், சின்னதை நிரப்பலாம், ரொம்பப் பெரிசு 50 மி.மீ. பெட்டி அகலத்துக்குள்ள நிக்காது. உள்ளங்கைக் குழியில் இடைவெளி இருந்தா எம்-சீல் போதும்: ரெண்டு பாகமும் சம அளவு, நிறம் ஒண்ணாகிற வரைக்கும் பிசையணும். மரத்தை 80-ஆம் நம்பர் உப்புத்தாளால சொரசொரப்பாக்கி, அசிட்டோனால துடைச்ச பிறகுதான் ஒட்டணும். மேல மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரிச்சு, சுடுற பிடியிலயே, சுடுற அழுத்தத்திலயே பிடிச்சு எடுக்கணும். சும்மா இறுக்கிப் பிடிச்சா இறுக்கின கையோட அச்சுதான் விழும். ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள் அரம். ஒருநாளில் அரை மில்லிமீட்டருக்கு மேல எடுக்காண்டாம்.

மரம் மாத்தணும்னா: வால்நட் தான் இதுக்குப் பேர்போனது, கொத்தினா சில்லு தெறிக்காது. நம்ம ஊரில் ஈட்டி அழகு, ஆனா கனம். பின்பாரம் கூடி முனை மேல எழும்பும். தேக்கு எண்ணெய் மரம், எம்-சீல் உரிஞ்சு வரும், ரெண்டு தடவை அசிட்டோன் போடணும். அயனி தண்ணிக்குத் தாங்கும், இழை முரடு, நுணுக்கமா கொத்தினா பேத்துக்கிட்டு வரும். ரப்பர் மரம் வேண்டாம், மருந்து போடாததில் வண்டு விழும். மரத்துக்கு வார்னிஷ் பூசக்கூடாது, வியர்வையில் வழுக்கும். ஆளி விதை எண்ணெய் ரெண்டு பூச்சு, நடுவுல ரெண்டு நாள் காயணும்.

புதுவரவு (கருங்கல்):
அண்ணாச்சி, உள்ளங்கைக்கு அடியில வர்ற தட்டை எவ்வளவு மேல ஏத்தலாம்? இறுக்கமா இருந்தா நல்லா நிக்குதே.

ஈட்டித்தடி (தக்கலை):
நல்லா நிக்கும், ஆனா ரெண்டு தடை இருக்கு மக்களே. அந்தத் தட்டு கிரிப்போட 90 பாகைக்குக் குறையக்கூடாது, கையைச் சுத்தி மேல வளையவும் கூடாது. மணிக்கட்டு வெளிய தெரியணும், மரம் தொடக்கூடாது. ஆசாரி கையில இருக்கிய மூலைமட்டத்தை கிரிப்போட பின்பக்கம் வெச்சுப் பாரு. தட்டு மட்டத்தைத் தாண்டி மேல தூக்கினா அந்த இடத்தை அரத்தால இறக்கு. அப்புறம் இறுக்கம்: தட்டை ஏத்திப் பூட்டினதும் கையைத் தொங்கப்போட்டு ஒரு நிமிஷம் பிடி. சுண்டுவிரல் மரத்துப்போனா அரைத் திருகு இறக்கு. விரல் நுனி வெளுக்காம, பிடியைத் தளர்த்தினாலும் பிஸ்டல் நழுவாம நிக்கிற இடத்துல பென்சிலால கோடு போட்டு வை. மழைக்காலத்துல மரம் ஊதும், கோட்டுலேர்ந்து கால் திருகு இறக்க வேண்டிவரும்.